ஒன்பதாவது வாரத்துப் பக்கம்

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பதினோராவது ஸ்கெட்ச் புக்கைத் திருத்தும்போதுதான் ஓவிய ஆசிரியைக்கு அது தட்டுப்பட்டது. கண்ணுக்கு அல்ல, விரலுக்கு. மார்க் போடுவதற்காகப் பக்கத்தில் கையை ஊன்றினாள்; ஊன்றிய இடத்தில் காகிதம் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியிருந்தது. ரப்பரால் திரும்பத் திரும்பத் தேய்த்தால் காகிதம் அப்படித்தான் ஆகும். பள்ளிப் பிள்ளைகளின் புத்தகத்தில் இது அதிசயமே இல்லை. தேய்த்துத் தேய்த்து அடுத்த பக்கம் வரை ஓட்டை போட்ட மகராசர்களை எல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அதற்கு முன் திருத்திய பத்துப் புத்தகங்களிலும் இப்படி ஓரிடம் பஞ்சாகிக் கிடந்ததை அவளுடைய விரல் இப்போதுதான் ஞாபகப்படுத்தியது.

திருத்தி அடுக்கியவற்றை மறுபடி இழுத்து டைனிங் டேபிள் முழுக்க விரித்தாள். எல்லாமே ஒன்பதாவது வாரத்துப் பக்கம். எல்லாப் பக்கத்திலும் அவள்தான் இருந்தாள்: ஸ்டூலில், நீல ஏப்ரனோடு, மடியில் கைகளைக் கோத்து, ஒருவர் புத்தகத்தில் முகமாக, இன்னொருவர் புத்தகத்தில் முதுகாக. எல்லாவற்றிலும் அவளை ஒட்டி ஓரிடம் தேய்த்து அழிக்கப்பட்டிருந்தது. மேலே மின்விசிறி சுற்றியது. உள்ளறையில் மகள் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். மகளின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை என்பதால் வருஷத்தில் எட்டு மாதம் அந்த வீட்டில் அம்மாவும் மகளும்தான்.

வாரம் ஒரு பயிற்சி என்பது அவளே தொடங்கிய ஏற்பாடு. ஒன்பதாம் வகுப்பில் ஓவியப் பாடம் எடுத்த இருபத்தேழு பேருக்கும் ஆளுக்கொரு தடித்த ஸ்கெட்ச் புக் வாங்க வைத்து, உள்ளட்டையில் வருஷத்துக்கான பட்டியலை ஒட்டினாள். கழற்றிப் போட்ட செருப்பு, எழுதாத கை, கசக்கிய காகிதம், வீட்டில் மாட்டியிருக்கும் கண்ணாடி என்று அது போகும். அது வீட்டில் செய்வது. வகுப்பில் செய்வது வேறு. வியாழக்கிழமை கடைசி பீரியடில் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் ஒரு ஸ்டூல் போடுவாள். பதிவேட்டு வரிசைப்படி வாரம் ஒருவர் அதில் பத்து நிமிஷம் அசையாமல் உட்கார வேண்டும். மற்றவர்கள் சுற்றி வட்டமாக உட்கார்ந்து வரைய வேண்டும். தரையில் இருக்கைக்கு இருக்கை பெயின்டால் எண் எழுதியிருந்தாள். எந்த எண்ணில் உட்கார்ந்து வரைந்தோம் என்பதைப் பக்கத்தின் மூலையில் குறித்தாக வேண்டும். முதுகுப் பக்கம் உட்கார்ந்தவன் பக்கத்து ஆளைப் பார்த்து முகத்தை வரைந்துவிட்டுத் தப்பிக்கக் கூடாது அல்லவா. அவள் மட்டும் வரைய மாட்டாள். வட்டத்துக்கு வெளியே நடந்தபடி, "தெரிஞ்சதை வரையாதே, பாக்குறதை வரை" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இந்த வாரம் பதிவேட்டில் ஒன்பதாம் எண்ணின் முறை. அது மகளுடைய எண். வியாழன் காலை மகள்தான் வந்து கேட்டாள்.

"மிஸ், எனக்குப் பதிலா இன்னிக்கு நீங்க உக்காருங்களேன். உங்களை வரையணும்னு எல்லாரும் ஆசைப்படுறாங்க."

பள்ளிக்கூடத்தில் மகள் அவளை மிஸ் என்றுதான் அழைப்பாள். வீட்டுக்கு வந்தால்தான் அம்மா, நீ, வா, போ எல்லாம். அது இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம். கேட்டதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதினாறு வருஷ வேலையில் எந்த வகுப்பும் அவளை வரைய ஆசைப்பட்டதில்லை. போய் உட்கார்ந்தாள். பத்து நிமிஷமும் ஒரு பிள்ளை சிரிக்கவில்லை, ஒரு பிள்ளை குசுகுசுக்கவில்லை. நான் பழக்கிய பிள்ளைகள் என்று அவள் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

இப்போது மீதிப் புத்தகங்களையும் விரித்துவிட்டு டேபிளைச் சுற்றி நடந்து பார்த்தபோது, அழித்த இடம் ஒரே இடத்தில் இல்லை என்பது தெரிந்தது. மூன்றாம் இருக்கையில் அவளுடைய தோளுக்கு வலப்பக்கம். பத்தாம் இருக்கையில் கொஞ்சம் தள்ளி. பின்னாலிருந்து வரைந்த புத்தகங்களில் அவளுடைய முதுகின் மேலேயே ரப்பர் ஓடியிருந்தது. முதுகை அழித்துவிட்டுத் திரும்ப வரைந்திருந்தார்கள். இருபது பேர் ஒரே தப்பைச் செய்வார்கள், அது பரீட்சைக் காலத்தில் நடப்பதுதான். இருபது இடத்திலிருந்து இருபது விதமாக ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள்.

பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ஒரு வட்டம் வரைந்தாள். நடுவில் ஸ்டூல். சுற்றிலும் எண்கள். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, அந்த எண்ணிலிருந்து அழித்த இடம் எந்தத் திசையில் விழுகிறது என்று ஸ்கேல் வைத்துக் கோடிழுத்தாள். நாலு கோடு போட்டதும் ஒரு சந்தேகம் வந்தது. கடைசிக் கோடு வரை எல்லாமே ஒரே புள்ளியில் போய் வெட்டின. ஸ்டூலுக்குப் பின்னால், அவளுடைய இடது தோளுக்கு ஓரடி தள்ளி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, சுவரும் ஃபிரிட்ஜும்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் திரும்பவில்லை.

அழித்தாலும் பென்சில் அழுத்திய பள்ளம் காகிதத்தில் இருக்கும். படம் சொல்லித் தருகிறவர்களுக்கு இது தெரியும். யார் யாரைப் பார்த்து வரைந்தார்கள் என்று கண்டுபிடிக்கிற வழியே அதுதான். பென்சிலைப் படுக்க வைத்து, அழித்த இடத்தின் மேல் லேசாக இழைத்தாள். சாம்பல் நிறம் பரவப் பரவ, பள்ளங்கள் வெள்ளைக் கோடுகளாக மேலே வந்தன. ஒரு தோள். மிக நீளமான ஒரு கை, முழங்கால் வரை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, தாழ்வான கதவில் நுழைகிற உயரமான ஆள் சாய்ப்பது போல. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகள் எல்லோருமே பென்சிலை நிறுத்தியிருந்தார்கள். அடுத்த புத்தகத்தை இழைத்தாள். அதே தோள், அதே கை, பக்கவாட்டில். அதற்கடுத்ததில் அதன் முதுகு. அந்த முதுகு மறைத்ததில் மீதித் தெரிகிற அவள்.

கடைசியாக மகளின் புத்தகம். அதில் காகிதம் பஞ்சாகவில்லை. ரப்பரே படவில்லை. இழைத்துப் பார்த்தாள், பள்ளமும் இல்லை. படம் மிக அழகாக இருந்தது. அம்மாவின் நெற்றிச் சுருக்கத்தைக்கூட ஆசையாக, பொறுமையாக வரைந்திருந்தாள். பின்னணி முழுக்க நிழல் தீட்டியிருந்தாள், இடது தோளுக்குப் பின்னால் மட்டும் ஓர் இடைவெளியை ஆரம்பத்திலிருந்தே விட்டுவிட்டு. மற்றவர்கள் கண்ணில் பட்டதைப் பழக்கத்தில் வரைந்துவிட்டுப் பிறகு அழித்திருக்கிறார்கள். மகள் உட்காரும்போதே அங்கே வரையக் கூடாது என்று முடிவு செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆசிரியையின் கைகள் தாமாகவே பழைய பக்கங்களைப் புரட்டின.

எட்டாவது வாரம் எட்டாம் எண் பையன். அழித்திருந்தது, இரண்டடி பின்னால். ஏழாவது வாரம் மூன்றடி. ஆறாவது, ஐந்தாவது, எல்லாம் அழித்தவை. நாலாவது வாரத்துக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் போனபோது அழிக்காமலே இருந்தது. சுவரோரம், ஒல்லியாக, தலை சாய்ந்து. முதல் வாரத்தில் அது ஒன்பதடி தள்ளிப் பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது; ஓர் அழுக்குக் கறை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் அவளுடைய கையெழுத்து சிவப்பில் நின்றது. "தேவையில்லாத நிழல். ஒரு மார்க் குறைவு." "பின்னால் இருப்பது யார்? பார்த்ததை மட்டும் வரை. இரண்டு மார்க் குறைவு." ஐந்தாம் எண் பெண், வீட்டுக் கண்ணாடியை வரையச் சொன்ன பயிற்சிக்கு, துணி போட்டு மூடிய கண்ணாடியை வரைந்து தந்திருந்தாள். அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "கண்ணாடி எங்கே? கேள்வியைச் சரியாகப் படி."

மூன்றாம் எண் பெண்ணின் ஞாபகம் வந்தது. வகுப்பிலேயே உயரமானவள், எல்லோரும் கொக்கு என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, "மிஸ், ஒண்ணு சொல்லணும், நாங்க வரையிறது பொய் இல்ல" என்றாள். மார்க்குக்காக அழ வந்திருக்கிறாள் என்று இவள் அதட்டி அனுப்பிவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்துதான் எல்லோரும் அழிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

சாயங்கால வெளிச்சம் மங்கும்போது மகளை அழைத்தாள். மகள் கதவைப் பாதி திறந்து அங்கேயே நின்றாள். வியாழக்கிழமையிலிருந்தே அப்படித்தான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறாள், அம்மாவுக்கு இடப்பக்கம் வருவதில்லை, ராத்திரி அறையைத் தாழ் போட்டுக்கொள்கிறாள். பதினாலு வயசுக் கோபம், தானே இறங்கும் என்று விட்டிருந்தாள்.

"இதெல்லாம் என்ன?" என்று காலண்டர் தாளைக் காட்டினாள்.

மகள் தாளைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒரு நொடி பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நாங்க சொன்னோம். நீங்க மார்க் குறைச்சீங்க."

"எனக்கு ஏன் தெரியல? கண்ணாடியில பாத்தாச்சு. ஒண்ணுமில்ல."

"வரைஞ்சவங்களுக்கு மட்டும்தான் தெரியும். யார் மேல இருக்கோ அவங்களுக்குத் தெரியாது." மகள் பாடம் ஒப்பிப்பது போல மெதுவாகச் சொன்னாள். "ஸ்டூல்ல யாரு உக்காந்து, எல்லாரும் சுத்தி உக்காந்து வரையிறோமோ, அவங்ககிட்ட போயிடும். அடுத்த வாரம் அடுத்தவங்ககிட்ட. ஆனா ஒவ்வொரு வியாழனும் ஓரடி கிட்ட வருது. லீவு போட்டாலும் கூடவே வரும். ஏழாம் நம்பர் உக்காந்த மறுநாளே லீவு போட்டுப் பாத்தான்."

"அப்போ இந்த வாரம் உன் முறை."

மகள் தாழ்ப்பாளை விரலால் நெருடினாள்.

"ஓரடிதான் மிச்சம்னு தெரிஞ்சேதான் என்னை உக்கார வச்சியா?"

"எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம்." குரல் இறங்கியது. "யாராவது பெரியவங்கன்னா சமாளிப்பாங்கன்னு சொன்னாங்க, மிஸ்."

வீட்டுக்குள் முதல்முறையாக மிஸ். அதை மகள் கவனிக்கவே இல்லை. அவளுக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ அறுந்தது. பெற்று, பால் கொடுத்து, காய்ச்சலில் ராத்திரி முழுக்க மடியில் போட்டு வளர்த்த பிள்ளை, பக்கத்து வீட்டு ஆளைக் கைகாட்டுவது போலத் தன்னைக் கைகாட்டிவிட்டது. பயத்தைவிட அதுதான் முதலில் வலித்தது. கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சரிடம் அந்தத் தாளைக் காட்டினாள். பெயரைச் சொல்லவில்லை, விஷயத்தையும் சொல்லவில்லை; கோடுகள் சரிதானா என்று மட்டும் கேட்டாள். ஒருவேளை தப்பாக இருக்கலாம். தான் கணக்கில் எப்போதுமே மக்குதானே.

கணக்கு டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "என்ன மிஸ், எங்க சோத்துலயும் கை வைக்க வந்துட்டீங்களா?" என்று சிரித்தபடி பார்த்தவர், கொஞ்ச நேரத்தில் சிரிப்பை விட்டுவிட்டார். "பிள்ளைங்க கண்ணால பாத்துப் போட்டதா இது? இவ்வளவு கச்சிதமா ஒரே புள்ளியில வெட்டாதே. அந்த இடத்துல நிஜமாவே ஏதாவது நின்னாத்தான் இப்படி வரும். அங்க என்ன வச்சிருந்தீங்க?"

"ஒண்ணும் வைக்கல."

"அப்போ ஏதோ நின்னிருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் டீயை உறிஞ்சினார். அவர் கண்கள் அவளுடைய முகத்தில்தான் இருந்தன. பின்னால் போகவில்லை. அவர் வரைந்ததில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் தன் உடம்பின் இடப்பக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். இடது காதில் எல்லாச் சத்தமும் கொஞ்சம் மந்தமாக விழுந்தது, நடுவில் யாரோ கையை வைத்தது போல. நடந்தால் ஒன்றுமில்லை, நின்றால், தான் நின்ற பிறகு இன்னொன்று நிற்பதற்கு ஆகிற ஒரு கணம் தெரிந்தது. பென்சில் பெட்டியை ரொம்ப நாள் கழித்துத் திறந்தால் வருகிற வாடை, சீவிய மரமும் ஈரமும் கலந்த வாடை, குளியலறையில், பேருந்தில், தலையணையில் வந்தது. முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்து பார்த்தாள். சுவருக்கும் தனக்கும் நடுவில் ஓரடி இடம் இருக்க முடியாது, வழியே இல்லை. ஆனாலும் சுவரின் குளிர்ச்சி முதுகுக்கு வரவில்லை. வேறு ஏதோ குளிர்ச்சி வந்தது. மளிகைக் கடையில் அவளுடைய வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவோடு வரிசையில் நின்றான். அவளுக்குக் கொஞ்சம் பின்னால் பார்த்துவிட்டு, அம்மாவின் கையை உதறிவிட்டு வெளியே ஓடினான்.

புதன்கிழமை சாயங்காலம் மகளின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அவள் பேசினாள். முகம் பார்க்காமல் பேசுவது இருவருக்கும் சுலபமாக இருந்தது.

"இங்க பாரு. உனக்கு வரவேண்டியது எனக்கு வந்திருக்கு. கேட்டிருந்தா நானே வாங்கியிருப்பேன். அதுதான் எனக்கு வருத்தம், நீ கேக்கவே இல்ல. பரவாயில்ல. நாளைக்கு யாரையும் உக்கார வைக்க மாட்டேன். அம்மா பாத்துக்கிறேன்."

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா" என்று மகள் சொன்னாள். கதவு மட்டும் திறக்கவில்லை.

வியாழக்கிழமை கடைசி பீரியட். ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து தரையில் எழுதிய எண்களின் மேல் விழுந்திருந்தது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் மேஜைகளைத் தள்ளி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஸ்டூல் காலியாக இருந்தது. அவள் கரும்பலகையோரம் நின்றாள். பின்னால் கரும்பலகை, அதற்குப் பின்னால் சுவர், ஒருவரும் நுழைய இடமில்லை என்று பார்த்துத்தான் நின்றாள்.

பிள்ளைகளின் கண்களைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் வந்திருந்தாள். ஆனால் பதினாறு வருஷப் பழக்கம், கண்கள் போகிற திசை தெரிந்துவிடுகிறது. ஐம்பத்துநாலு கண்களும் அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் ஒரு புள்ளியில் நின்றன. அந்தப் புள்ளி நகர்ந்தது. கண்கள் எல்லாம் சேர்ந்து, மயிரிழை மயிரிழையாக, அவளை நோக்கி வந்தன. அவளுடைய காது வரை. கன்னம் வரை.

பிடரியில் மூச்சு இல்லை. மூச்சு இல்லாமலே அருகில் ஒன்று.

நேற்றுச் சொன்னது எல்லாம் மறந்துபோனது. அம்மா, டீச்சர், பெரியவள், எதுவும் இல்லை. ஒரு பயந்த உடம்பு மட்டும் மிச்சம்.

"நம்பர் ஒன்பது" என்று அவளுடைய வாய் சொன்னது. "வந்து உக்காரு."

மகள் அவளைப் பார்த்தாள். அம்மா எதிர்பார்த்தது அழுகையை, இல்லாவிட்டால் கோபத்தை. இரண்டும் இல்லை. இது நடக்கும் என்று முன்பே தெரிந்தவள் போல எழுந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"எல்லாரும் வரையுங்க."

ஒருவரும் புத்தகத்தை எடுக்கவில்லை.

"வரையுங்கன்னு சொல்றேன்."

கொக்கு எழுந்து நின்றாள். "நாங்க புத்தகம் கொண்டு வரல, மிஸ்."

"யாருமேவா?"

"யாரும் கொண்டு வரல."

இருபத்தாறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பென்சில் பிடிக்க அவள் சொல்லிக் கொடுத்த கைகள். அவர்களுக்கு அவள் மேல் கோபம் இருந்ததாகவே தெரியவில்லை. காய்ச்சல்காரரின் கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்களின் முகம் அது. மகளை அதனிடம் ஒப்படைக்க மாட்டார்கள். அம்மாவை ஒப்படைத்தாகிவிட்டது. அவ்வளவுதான்.

அப்படியானால் நானே வரைகிறேன். அந்த நினைப்பு வந்ததும் சாக்பீஸ் கையில் இருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். மகளின் நெற்றி. புருவம். சின்ன வயதில் விழுந்து தைத்த தழும்பு. பார்த்து வரையத் தேவையே இல்லை, எல்லாம் மனப்பாடம். கை வேகமாகப் போனது. கரும்பலகையில் சாக்பீஸ் கீறும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மூக்கு. உதடு. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான்.

படம் வரைகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கொஞ்சம் வரைந்ததும் ஓரடி பின்னால் வந்து, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். யோசித்துச் செய்வதில்லை, கால் தானாகப் போகும். அவளுடைய காலும் போனது. இடப்பக்கமாக, ஓரடி பின்னால்.

சாக்பீஸ் சத்தம் நிற்கவில்லை.

கையைப் பார்த்தாள். கையில் சாக்பீஸ் இல்லை.

எதிரில் ஒரு முதுகு. நீல ஏப்ரன். இடுப்பில் ஒரு முடிச்சு, தினமும் அவளே பின்னால் கைவிட்டுக் கட்டுகிற, ஒருநாளும் கண்ணால் பார்த்திராத முடிச்சு. தோளில் சாக்பீஸ் தூள். அந்தக் கை மகளின் தாடையை வரைந்துகொண்டிருந்தது. நன்றாகவே வரைந்தது. வாயைத் திறந்தாள். திறந்ததா என்றே தெரியவில்லை. சத்தம் இல்லை. மறுபடி திறந்தாள்.

மணி அடித்தது. முன்னால் நின்றவள் சாக்பீஸை வைத்தாள், கைகளைத் தட்டித் தூளை உதறினாள், வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "போதும். மிச்சத்தை அடுத்த வாரம் பாக்கலாம்." அவளுடைய குரல். கொஞ்சமும் பிசகாத அவளுடைய குரல்.

பிள்ளைகள் எழுந்தார்கள். "தேங்க் யூ மிஸ்." ஒவ்வொருவராக, தலையைத் தூக்காமல் வெளியே போனார்கள்.

மகள் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தாள். முன்னால் நின்றவளின் எதிரே வந்து நின்றாள். பிறகு கண்களை உயர்த்தி, அந்த இடது தோளுக்கு மேலாக, நேராக அம்மாவின் கண்களைப் பார்த்தாள். தெரிந்தது. அவள் அங்கே நிற்பது மகளுக்குத் தெரிந்தது. உதடு ஒருமுறை நடுங்கியது. அம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

மகள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். முன்னால் நின்றவளின் கையை எடுத்து, விரலோடு விரல் கோத்து, இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போலாம்மா" என்றாள்.

இருவரும் கதவைத் தாண்டி நடந்தார்கள். அவள் அங்கேயே நிற்கத்தான் பார்த்தாள். கால்கள் கேட்கவில்லை. இடது தோளுக்குப் பின்னால், ஓரடி தள்ளி, தலையைச் சாய்த்துக்கொண்டு, அவளும் போனாள்.